பத்தரைக்கு அணையும் ரௌட்டர்

கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் தாமானில் இரவு பத்தரை மணிக்குப் பல வீடுகளில் ஒரே காரியம் நடக்கிறது. அப்பாவோ அம்மாவோ கூடத்துக்கு வந்து, தொலைக்காட்சி மேசைக்குப் பின்னால் குனிந்து, வைஃபை ரௌட்டரை அணைக்கிறார். பிள்ளை எழுந்து வந்து போட்டுவிடக்கூடும் என்று அடாப்டரைக் கழற்றித் தலையணைக்கடியில் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. நானும் இரண்டு ஆண்டு அப்படி வைத்துக்கொண்டவன்தான். மகன் அப்போது படிவம் 2. அந்த இரண்டு ஆண்டில் நான் கண்டது இது: நேரம் குறித்து அணைப்பதால் பலன் உண்டு, தண்டனையாக அணைப்பதால் கேடுதான் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

ஸ்ட்ரீமிக்ஸ் இணையச் சேவை இருந்த காலத்தில் வீட்டுக்கு ஒரு கணினி. அது கூடத்தில், எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது. விளையாட்டுப் பித்துப் பிடித்த பையன்கள் சைபர் கஃபேக்குப் போனார்கள். பெற்றோர் அங்கே போய்க் கையோடு கூட்டி வந்தார்கள். கோவிட் பரவலால் 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் அந்த ஒழுங்கு குலைந்தது. பள்ளிகள் மூடின. பாடம் கூகுள் கிளாஸ்ரூமிலும் வாட்ஸ்அப் குழுவிலும் நடந்தது. அதுவரை பிள்ளைக்குக் கைத்தொலைபேசி கூடாது என்றிருந்த வீடுகள் கடன் வாங்கியாவது ஒன்று வாங்கித் தந்தன. அறைக்குள் போன அந்தத் தொலைபேசி பள்ளி திறந்த பிறகும் வெளியே வரவில்லை. பள்ளிக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது; ஆனால் வீட்டுப்பாடம் அதில்தான் வருகிறது. பிடுங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்த பெற்றோருக்குக் கைக்கெட்டியது ரௌட்டர் ஒன்றுதான்.

அதனால் விளைந்த நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். தூக்கம். பதின்ம வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணிநேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இங்கே காலைப் பள்ளி ஏழரைக்குத் தொடங்குகிறது. வேன் ஆறரைக்கே வாசலில் ஹாரன் அடிக்கிறது. இரவு ஒரு மணிவரை மொபைல் லெஜண்ட்ஸ் ஆடும் பிள்ளைக்கு ஐந்து மணிநேரம்கூட மிஞ்சாது. ரௌட்டரை அணைக்கத் தொடங்கிய இரண்டாம் வாரமே என் மகன் சாப்பாட்டு மேசையில் எரிந்து விழுவது குறைந்தது. இதை நான் சிறிய பலனாக நினைக்கவில்லை.

பெற்றோரின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. யுனிசெஃப், சிறார் பாலியல் சுரண்டலை எதிர்க்கும் எக்பாட், இன்டர்போல் மூன்றும் சேர்ந்து நடத்திய ஆய்வின் மலேசிய அறிக்கை 2022இல் வெளிவந்தது. இணையம் பயன்படுத்தும் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் குறைந்தது 4 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் இணையவழிப் பாலியல் சுரண்டலுக்கோ கொடுமைக்கோ ஆளாகியிருந்தார்கள். தலைக்கணக்கில் சுமார் ஒரு லட்சம் பிள்ளைகள். இதைப் படித்த எந்த அம்மாவின் கையும் அந்த அடாப்டரைத் தேடத்தான் செய்யும்.

ஆனால் அடைப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். ரௌட்டரில் குறிப்பிட்ட தொலைபேசியை மட்டும் தடுக்கலாம் என்று கடைக்காரர் சொல்லித் தருவார். ரௌட்டர் ஒரு கருவியை அடையாளம் காண்பது அதன் வன்பொருள் முகவரியை வைத்துத்தான். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10உம் 2020இல் வந்த ஐஓஎஸ் 14உம் அந்த முகவரிக்குப் பதில் வேறொன்றைக் காட்டும் வசதியோடு வந்தன. அமைப்பில் ஒரு பொத்தானை மாற்றினால் போதும், தடுத்த தொலைபேசி ரௌட்டருக்குப் புதுத் தொலைபேசியாகிவிடும். இதை எனக்கு விளக்கியதே என் மகன்தான். அது போக ப்ரீபெய்ட் சிம் இருக்கிறது, பக்கத்து வீட்டு வைஃபை இருக்கிறது, விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடை இருக்கிறது. வீட்டில் அணைந்த இணையத்தைத் தேடிப் பையன் அடுக்குமாடியின் படிக்கட்டில் போய் உட்கார்ந்தால், அறைக்குள் இருந்தபோது தெரிந்த அளவுகூட அவனைப் பற்றி நமக்குத் தெரியாமல் போகிறது.

நாடும் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தது. சூதாட்டம், ஆபாசம் முதலியவற்றுக்காக 2018 முதல் 24,277 தளங்கள் முடக்கப்பட்டிருந்தன. பயனர்கள் வெளிநாட்டு டிஎன்எஸ் சேவைகள் வழியாக அந்தத் தடையைத் தாண்டிப் போனதால், அந்தப் போக்குவரத்தையும் தங்கள் சேவையகங்களுக்கே திருப்பும்படி 2024இல் இணையச் சேவை நிறுவனங்களுக்குத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியது, அவ்வாண்டு செப்டம்பர் 8ஆம் தேதி தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதை நிறுத்தச் சொன்னார். அரசிடம் நாம் அன்று எழுப்பிய கேள்வி, என் சார்பில் எது நல்லது என்று என்னைக் கேட்காமல் யார் முடிவு செய்வது என்பது. வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை எழுப்புவதும் அதே கேள்வி. பெற்றோரும் அரசும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

ஊடக ஆய்வாளர் சோனியா லிவிங்ஸ்டனும் உடன் ஆய்வாளர்களும் எட்டு ஐரோப்பிய நாடுகளில் சுமார் 6,400 பெற்றோரிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. கட்டுப்படுத்தும் வீடுகளில் பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவு. கற்கவும் உருவாக்கவும் கிடைக்கும் வாய்ப்பும் குறைவு. கூடவே இருந்து பழக்கும் வீடுகளில் இரண்டும் கூடுதல். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பிள்ளையின் வயதைப் பொறுத்தது என்று நான் கருதுகிறேன். பத்து வயதில் அடைப்பது நியாயம். பதினாறில் அடைத்தே வைத்திருந்தால், எஸ்பிஎம் தேர்வு முடித்து வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போகும் நாளில் அவன் பழக்கமே இல்லாமல் முழு இணையத்துக்குள் இறங்குவான்.

இணையத்தை வெட்டும் பழக்கத்தின் பெரிய குறை இனிமேல்தான் வருகிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் டியூஷன் நடத்தும் நண்பர் ஒருவர் சொன்னார். படிவம் 3 மாணவி ஒருத்தி பாடம் முடிந்தும் போகாமல் நின்றாள். முகம் தெரியாத ஒருவன் படம் கேட்டு மிரட்டுவதாகச் சொல்லி அழுதாள். "அம்மாகிட்ட சொல்லலையாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "சொன்னா ஃபோன் போயிடும் சார்" என்றாளாம். அவள் அம்மா கெட்டவர் இல்லை. ஒவ்வொரு தவறுக்கும் ஒரு வாரம் இணையத்தை வெட்டுவது அந்த வீட்டு வழக்கம், அவ்வளவுதான். மிரட்டுபவன் நம்பியிருப்பதும் அந்த வழக்கத்தைத்தான்: வீட்டில் வாய் திறக்க மாட்டாள் என்ற உறுதி. ஒரு பிள்ளைக்கு இருக்கும் பாதுகாப்புகளில் மிக வலிமையானது ஓடி வந்து சொல்லும் துணிவு. தண்டனையாக இணையத்தை வெட்டும்போது நாம் அதைத்தான் வெட்டுகிறோம்.

நம் வீடுகளில் இந்தக் கத்தரி பெண் பிள்ளைகள் பக்கமே அதிகம் சாய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தம்பி நள்ளிரவுவரை விளையாடலாம். அக்காவின் தொலைபேசியை மட்டும் வாங்கிப் பார்ப்பார்கள். பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் மானம் பற்றிய பயத்தை வைத்துப் பொதிகிறோம். அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது என்று நினைப்பது நம் தவறு.

கட்டுப்பாடு என்பது வீட்டில் ஆள் இருக்கும் குடும்பங்களுக்கே வாய்க்கிறது. அப்பா போர்ட் கிள்ளானில் இரவு ஷிஃப்ட், அம்மா விடியுமுன் வேலைக்கு என்றால், பத்தரைக்கு ரௌட்டரை யார் அணைப்பது? அப்படிப்பட்ட வீட்டைப் பார்த்து, பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று பேசுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

பிள்ளைகளை அடைத்துவிட்டுப் பெரியவர்கள் என்ன செய்கிறோம்? 2024 ஜூலையில் ஈஷா என்று அறியப்பட்ட சமூக ஊடகப் பிரபலம் ராஜேஸ்வரி அப்பாஹு, டிக்டாக்கில் நடந்த இழிவுபடுத்தலுக்குப் பின் உயிரை விட்டார். அந்த வழக்கில் ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி. அதனால் எழுந்த கொதிப்பில்தான் அவ்வாண்டு டிசம்பரில் தண்டனைச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அன்று நேரலையில் நம் மொழியில் வசைபாடியவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்லர், வளர்ந்தவர்கள். அந்த வசையைக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்த அப்பாக்களும் அம்மாக்களும் பத்தரைக்குப் பிள்ளையின் வைஃபையை மட்டும் அணைத்திருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

2025 அக்டோபரில் பண்டார் உத்தாமா பள்ளியில் ஒரு மாணவி குத்திக் கொல்லப்பட்ட பின், வயது வரம்பு பற்றிய பேச்சு சூடுபிடித்தது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கிடையாது என்ற திட்டத்தை நவம்பரில் அமைச்சர் ஃபாமி அறிவித்தார். 2026 ஜனவரி 1இல் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. அது இணைய நிறுவனங்களின் தலையில் பொறுப்பை வைப்பதை நான் வரவேற்கிறேன். இத்தனை நாள் முழுச் சுமையும் பெற்றோர் தோளில்தான் இருந்தது. ஆனால் சட்டம் கணக்கைத்தான் மூடும். விளையாட்டுக்குள் ஓடும் அரட்டையையும் தோழியின் தொலைபேசியையும் அது எட்டுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

எங்கள் வீட்டில் இப்போதும் பத்தரைக்கு ரௌட்டர் அணைகிறது. ஆனால் எல்லாருக்கும் சேர்த்து. என் தொலைபேசியும் மனைவியின் தொலைபேசியும் கூடத்து மேசையிலேயே சார்ஜ் ஏறுகின்றன. தேர்வுக் காலத்தில் நேரத்தை மகனே குறிக்கிறான். எந்தத் தவறுக்கும் இணையத்தை வெட்டுவதில்லை என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். அந்த வாக்கைக் காப்பது ரௌட்டரை அணைப்பதைவிடக் கடினமாக இருக்கிறது.

போன மாதம் ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு அவன் எங்கள் அறைக் கதவைத் தட்டினான். "அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று தொலைபேசியை நீட்டினான். விளையாட்டுக் குழுவில் அறிமுகமான ஒருவன், வங்கி அட்டையைச் சில நாள் இரவல் தந்தால் 300 வெள்ளி தருவதாக எழுதியிருந்தான். மோசடிப் பணத்தைக் கைமாற்றும் கழுதைக் கணக்குக்கு ஆள் பிடிக்கும் வேலை. அரை மணிநேரம் உட்கார்ந்து பேசினோம். ரௌட்டர் அணைந்துதான் இருந்தது. அவன் டேட்டாவில் இருந்திருக்கிறான். அதைப் பற்றி அன்றிரவு நான் எதுவும் கேட்கவில்லை.