தாழிட்டுக் காத்திருக்கும் புரதம்

வாஸ்ப் என்னும் புரதத்தில் 502 அமினோ அமிலங்கள். ரத்த செல்களுக்கே உரிய இந்தப் புரதத்தின் வேலை, ஆக்டின் இழைகளில் கிளை பிறக்க வைப்பது. வெள்ளணு ஒன்று கிருமியைத் துரத்தும்போது அதன் முன்விளிம்பு தகடாக விரிந்து நகருமே, அதை உள்ளிருந்து தள்ளுவது இப்படிக் கிளைத்த இழைகளின் வலைதான். பெரிய வேலைதான். ஆனால் வாஸ்பிடம் நான் அதிகம் ரசிப்பது, அது வேலை செய்யாமல் சும்மா இருக்கும் விதத்தை.

அதன் திறமை முழுவதும் வால்நுனியில் இருக்கிறது. அங்கே ஒரு பகுதி, தனித்துத் திரியும் ஆக்டின் மூலக்கூறு ஒன்றைப் பிடிக்கும். அதையடுத்த பகுதிகள், ஏழு புரதங்கள் சேர்ந்த ஆர்ப்2/3 என்ற கூட்டைப் பற்றும். இப்படிப்பட்ட வாலைத் திறந்தே விட்டுவைத்தால் செல்லுக்குள் கண்ட இடத்திலெல்லாம் கிளை முளைத்துவிடும். ஆகவே வால் மடிந்து வந்து, அதே புரதத்தின் நடுப்பகுதியில் ஒட்டிக்கொள்கிறது. தன் கதவுக்குத் தானே உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட மாதிரி.

தாழ் திறக்கும் விதம் இன்னும் நயமானது. சிடிசி42 என்ற சிறு புரதம், ஜிடிபி (GTP) என்ற மூலக்கூறை ஏந்தியபடி வந்து அந்த நடுப்பகுதியையே பற்றுகிறது. அது உட்கார்ந்தால் வாலுக்கு அங்கே இடமில்லை, வால் விடுபடுகிறது. செல்சவ்வின் உட்புறத்தில் இருக்கும் பிப்2 என்ற கொழுப்பும் கைகொடுக்கிறது. இரண்டும் கூடும் இடம் சவ்வின் ஓரம். புதிய இழை வேண்டியிருப்பதும் அங்கேதான்.

அடுத்து கிளை. அந்தக் கூட்டிலுள்ள ஆர்ப்2, ஆர்ப்3 இரண்டும் வடிவத்தில் ஆக்டினின் சாயல் கொண்டவை. சும்மா இருக்கும்போது ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். வாஸ்பின் வால் தொட்டு, பழைய இழை ஒன்றின் பக்கவாட்டில் இடமும் கிடைத்த பிறகு, நெருங்கி வந்து புதிய இழையின் முதல் இரண்டு கண்ணிகளாகிவிடுகின்றன. 7 நானோமீட்டர் தடிமனே உள்ள இழையிலிருந்து, சுமார் 70 பாகைக் கோணத்தில் கிளை எழுகிறது. அது வளரத் தொடங்க வேண்டுமானால் வாஸ்ப் தன் பிடியை விட்டாக வேண்டும். ஒட்டிக்கொண்டே இருந்தால் காரியம் கெடும்.

இந்தப் புரதத்தின் அருமை முதலில் தெரிந்தது, அது பழுதானவர்களிடம்தான். 1937இல் ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரெட் விஸ்காட் மூன்று சகோதரர்களைப் பற்றி எழுதினார்: ரத்தக்கசிவு, தோல் அழற்சி, காதில் ஓயாத சீழ். சகோதரிகளுக்கு ஒன்றுமில்லை. 1954இல் அமெரிக்காவில் ராபர்ட் ஆல்ட்ரிச், இது எக்ஸ் குரோமோசோம் வழியே ஆண்பிள்ளைகளுக்கு வருவது என்று காட்டினார். 1994இல் மரபணு பிடிபட்டது. விஸ்காட்-ஆல்ட்ரிச் என்ற நோயின் பெயரே புரதத்துக்கும் ஆனது.

2001இல் வந்த கண்டுபிடிப்புதான் இந்தக் கதையின் உச்சம். 270ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் வந்துவிட்ட ஒரு குடும்பம். புரதம் இருக்கிறது, வேலையும் செய்கிறது. வால் மடிந்து நிற்க மட்டும் முடியவில்லை. விளைவு, ரத்தத்தில் நியூட்ரோஃபில் அணுக்கள் குறைந்து, தொற்றுகள் திரும்பத் திரும்ப வந்தன. வாஸ்ப் இல்லாமல் போவதால் மட்டுமல்ல, ஓய்வே இல்லாமல் உழைப்பதாலும் உடம்பு நோயில் விழுகிறது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதில் இவ்வளவும் தெரிந்துவிட்டது.