பாட்டும் தொழிலும்
ஈழத்து நாட்டார் பாடல் தொகுதிகள் பற்றிய ஒரு நோக்கு

சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையிலே, கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு காவிரி நாட்டின் வயல்வழியே செல்லும்போது எழுந்த ஒலிகளை இளங்கோவடிகள் முறைப்படுத்திக் கூறுகின்றார். ஏரோடு நின்றோர் பாடியது ஏர்மங்கலம். நெல்லரிந்து குவித்துக் கடாவிட்டோர் பாடியது முகவைப்பாட்டு. அப்பாடல்களின் சொற்களை அடிகள் அங்கே தந்தாரல்லர். ஆயின், எத்தொழிலினர் எவ்வேளையில் எதனைப் பாடினர் என்பதை மயக்கமறக் குறித்து வைத்தார். பாட்டைத் தொழிலினின்றும் பிரியாது கண்ட நோக்கு அது.

ஈழத்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த நாட்டார் பாடல் தொகுதிகளை மதிப்பிடுதற்கு இச்செய்தியே தக்க அளவுகோலாகும். மு. இராமலிங்கம் வட இலங்கைப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார்ப் பகுதிகளின் பாடல்களைப் பதிப்பித்தார். வித்துவான் வீ. சி. கந்தையா 1964 இல் வெளிவந்த ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலிலே பாடல்களோடு அந்நாட்டு மக்களின் வாழ்க்கை முறையையும் விரித்துரைத்தார். கற்றோர் பலர் பாமரர் பிதற்றல் என ஒதுக்கியவற்றை இலக்கியம் என நிலைநாட்டிய பெருமை இவர்களுக்கு உரியது. இவர்கள் முயன்றிராவிடின் பல பாடல்கள் பாடியோருடனேயே மறைந்திருக்கும்.

எனினும், இலக்கியம் என நிறுவ வேண்டிய கட்டாயமே ஒரு குறைக்கும் காரணமாயிற்று. உவமை, எதுகை, அகத்துறைகளோடு ஒப்புமை என்பனவே பாடலின் சிறப்பாகப் பெரும்பாலும் எடுத்துக் காட்டப்பட்டன. தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே வளர்த்த மட்டக்களப்புக் கவிகளிலே காதல் பற்றியன மிகுந்த பாராட்டைப் பெற்றன. தொழிற்பாடல்களோ, சொல்லளவில் எளியன ஆதலின், இரண்டாம் இடத்தையே பெற்றன. அவற்றின் பொருள் சொல்லில் மாத்திரம் இல்லை என்பது போதிய அளவு உணரப்படவில்லை.

மட்டக்களப்பு வயல்களில் நிகழ்ந்த சூடு மிதிப்பை எடுத்துக்கொள்வோம். அரிந்த கதிரைச் சூடாகக் குவித்து, களவெட்டியில் பரப்பி, எருமைகளைப் பிணைத்து இரவிலே சுற்றிவரச் செய்வர். மாடு ஓயாது நடத்தற்கும் மனிதர் உறங்காது இருத்தற்கும் பாட்டு வேண்டியிருந்தது. பொலி என்னும் சொல் அங்கே மீண்டும் மீண்டும் ஒலித்தது. அச்சொல் நெல்லையும் குறித்தது. நெல் பெருகுக என்னும் வேண்டுதலையும் குறித்தது. களத்திலே நாள்வழக்குச் சொற்களை வழங்குதல் ஆகாதெனக் கருதி, மாட்டுக்கும் கடகத்துக்கும் வேறு பெயரிட்டு அழைத்தனர். இத்தகைய களமொழி சிங்கள உழவரிடத்தும் உண்டு. அவுரியின்மேல் நின்று தூற்றிய பின்னரே நெல் அளக்கப்பட்டது. போடியாருக்கு எவ்வளவு, முல்லைக்காரனுக்கு எவ்வளவு என்னும் வழக்காறுகள் அவ்வளவையிலே புலனாயின. இவற்றை அறியாதான் ஒருவன் பொலிப்பாட்டைத் தாளிலே படிப்பின், ஒரே சொல் அடுக்கி வருவதை மாத்திரமே காண்பான்.

கரைவலை இழுப்போரின் அம்பாவும் இத்தகையதே. ஒருவர் முன்பாட மற்றையோர் ஏற்றுப் பாடுவர். முன்பாடுவோன் அடி மூச்சு வாங்கும் இடைவேளை. ஏற்றுப்பாடுவோர் ஒலியே வலை அசையும் கணம். அச்சிலே பொருளற்ற அசைகளாகத் தோன்றும் அவ்வொலிகளைப் பதிப்பாசிரியன் சுருக்கிவிடின், அத்தனை தோள்களும் ஒருசேரக் கயிற்றை இழுத்த இடத்தையே நீக்கியவன் ஆவான். மடி கரையை அணுகும்போது பாட்டு விரையும். அவ்விரைவை எந்த ஏடு காட்டும்?

சொற்கள் இனியனவாயின் அதுவே போதும், தொழிற் குறிப்பு வரலாற்றாசிரியனுக்கு உரியது என்பாரும் உளர். இக்கூற்று காதற்பாடலுக்கு ஓரளவு பொருந்தலாம். பொலிப்பாட்டுக்கும் அம்பாவுக்கும் பொருந்தாது. அன்றியும், மன்னர்க்குக் கல்வெட்டு உண்டு. கோயிலுக்குப் புராணமும் செப்பேடும் உண்டு. நிலவுடைமையாளருக்கு உறுதிகள் உண்டு. கூலிக்குச் சூடு மிதித்தவனுக்கும் சம்மாட்டியாரின் வலையை இழுத்தவனுக்கும் தம் வாய்மொழியன்றி வேறு சான்று யாது? அதனை இனிமை பற்றி மாத்திரம் தெரிந்தெடுத்தல் அவர்தம் வரலாற்றைப் பாதியில் நிறுத்துதலாகும்.

அப்பாதியும் இன்று அருகி வருகின்றது. எருமையின் இடத்தை முதலில் உழவு இயந்திரம் பற்றியது. இக்காலத்து அறுவடை இயந்திரம் அரிதலையும் மணி பிரித்தலையும் ஒருங்கே செய்துவிடுதலின், அது சென்ற வயலிலே சூடும் இல்லை, களவெட்டியும் இல்லை. கரைவலையையும் பல கரைகளில் உழவு இயந்திரத்திற் பூட்டிய பொறி இழுக்கலாயிற்று. 2004 ஆம் ஆண்டின் கடற்கோள் கீழ்க்கரையூர்கள் பலவற்றைக் குலைத்தது. 2009 இல் முடிந்த போர் வன்னி மக்களை ஊர் ஊராகப் பெயர்த்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அழிந்த ஏடுகளுக்காகத் தமிழுலகம் கண்ணீர் வடித்தது. ஏட்டில் ஏறாதவை முதியோர் ஒவ்வொருவரோடும் அழிவதை அறிவாரும் அரியர்.

முன்னைத் தொகுப்பாளர் கையில் எழுதுகோலே பெரும்பாலும் இருந்தது. இன்றைய மாணவர் கையிலோ ஒலியையும் காட்சியையும் பதியும் கருவி உண்டு. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தார் ஏடுகளோடு வாய்மொழிப் பதிவுகளையும் பேணி வருகின்றனர். ஆயினும், கருவி மாத்திரம் குறையை நீக்காது. கேள்வி திருந்த வேண்டும். பாட்டைப் பாடுக என்று கேட்பதோடு அமையாது, அதனைப் பாடிய இரவில் மாடு எத்தனை, கூலி யாது, யார் முன்பாடினார், யார் வாய் திறக்கவில்லை என்றும் முதியோரை வினாவுதல் வேண்டும். விடையைத் திருத்தாது, அவர் சொன்ன சொல்லிலேயே, பெயரும் ஊரும் நாளும் அவர் இசைவோடு குறித்துப் பதிதல் வேண்டும்.

இளங்கோவடிகள் தொழிலைச் சொல்லிப் பாட்டின் சொற்களைச் சொல்லாது விட்டார். இருபதாம் நூற்றாண்டுத் தொகுப்பாளர் பலர் சொற்களைத் தந்து தொழிலைக் குறைவாகவே சொன்னார். இவ்விரண்டையும் ஒன்று சேர்க்கத்தக்க தலைமுறை இதுவேயாம். களவெட்டியை நேரிற் கண்ட முதியோர் இன்னும் ஆங்காங்கே உளர். அவர் உள்ள காலத்திலேயே இப்பணி முற்றுப்பெறல் வேண்டும்.