ஒரே வன்தட்டு, மூன்று இயங்குதளங்கள்: தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குச் சம்பா

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியர்களின் மடிக்கணினிகள் விண்டோஸில் இயங்க, கூகுளின் கல்விச் சேவையை மலேசியா 2013இல் நாடு தழுவி ஏற்றதையொட்டிப் பள்ளிகளுக்கு வரத் தொடங்கிய குரோம்புக்குகள் வேறொரு இயங்குதளத்தில் இயங்குகின்றன. ஆண்டு மலரை வடிவமைப்பவர் மேக் வைத்திருந்தால் மூன்றாவதும் சேர்ந்துவிடும். பாடக் காணொளிகளையும் தேர்வுத் தாள்களையும் இவை அனைத்துக்கும் பொதுவாக வைக்க, இணைய இணைப்பு படுத்துவிட்டாலும் பள்ளி வளாகத்துக்குள் வேலை செய்யும் வலையமைப்புப் பகிர்வே பொருத்தமானது.

இதற்கான பொது மொழி, 1980களில் ஐபிஎம்மில் பிறந்து மைக்ரோசாஃப்டால் வளர்க்கப்பட்ட எஸ்எம்பி என்னும் நெறிமுறை. அதாவது, வேறொரு கணினியிலுள்ள கோப்பைத் தன்னிடமே இருப்பதுபோல் திறப்பதற்குக் கணினிகள் தமக்குள் வைத்துக்கொண்ட விதிமுறை. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992 வாக்கில் தொடங்கிய சம்பா என்னும் கட்டற்ற மென்பொருள் அதனை லினக்ஸ் கணினிகளுக்கும் உரியதாக்கியது; ஆப்பிள் நிறுவனமும் 2013இல் தன் சொந்த நெறிமுறையைப் பின்தள்ளி எஸ்எம்பியையே முதன்மையாக்கிக்கொண்டது.

மலிவான வழி, ரௌட்டரின் யுஎஸ்பி துளையில் வன்தட்டைச் செருகிவிடுவது. ஆனால் பழைய ரௌட்டர்கள் பல, 2017 மே மாதம் வான்னாகிரை கிருமி புகுந்த எஸ்எம்பி முதல் பதிப்பை மட்டுமே பேசுகின்றன. அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து விண்டோஸ் 10 அப்பதிப்பைத் தானாக நிறுவுவதில்லை. கடவுச்சொல் இல்லாத நுழைவை 2024இல் வெளிவந்த விண்டோஸ் 11இன் 24ஹெச்2 புரோ பதிப்பு மறுத்துவிடுவதால், நேற்றுவரை திறந்த பகிர்வு புதுப்பித்தலுக்குப் பின் திறக்காமற்போவதும் உண்டு. இந்த வழியைப் பரிந்துரைப்பதற்கில்லை.

2019இல் வந்த ராஸ்பெரி பை 4 போன்ற, லினக்ஸில் இயங்கும் சிறு கணினியில் வன்தட்டைச் செருகிச் சம்பாவை நிறுவி, ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுப்பது சற்றே கூடுதல் வேலையானாலும் நிலைத்து நிற்கிறது. விண்டோஸில் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளோடு சேவையகத்தின் பெயரையும், மேக்கில் ஃபைண்டரின் சேவையக இணைப்புப் பெட்டியில் முகவரியையும் இட்டால் போதும். குரோம்புக்கில் கோப்புச் செயலியின் பட்டியலிலேயே அதற்கு வழியுண்டு. வேகத்தை முடிவு செய்வது பெரும்பாலும் கம்பியும் சுவிட்சுமே: 4 ஜிபி காணொளி ஒன்று 100 மெகாபிட் இணைப்பில் ஏறத்தாழ ஆறு நிமிடம் எடுக்க, கிகாபிட் இணைப்பில் முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

வேகத்தைவிடக் கவனிக்க வேண்டியது கோப்புப் பெயர். லினக்ஸின் வழக்கமான ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள்தாம் இடம். யூனிகோட்டின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளை விழுங்குவதாலும், புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகளாதலாலும், 85 குறியீடுகளோடு கதை முடிந்துவிடுகிறது. விண்டோஸோ 255 குறியீடுகள்வரை இடந்தருவதால், ஆண்டும் வகுப்பும் பாடமும் தலைப்பும் சேர்த்து நீளமாகப் பெயரிடப்பட்ட வினாத்தாள் ஆசிரியரின் மடிக்கணினியில் நன்றாகத் திறந்து, பகிர்வுக்கு நகலெடுக்கும்போது மட்டும் பிழையாகும்.

இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. ‘தோட்டம்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும், ஏகாரக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகப் பிரித்தும் யூனிகோட்டில் எழுதலாம். பழைய மேக்குகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை எப்போதும் பிரித்தே எழுதியது. அத்தகைய கோப்புகள் ஆர்சிங்க் போன்ற நகலெடுப்புக் கருவிவழி நேரடியாகச் சேவையகத்துக்கு வந்தால், கண்ணுக்கு ஒன்றேயான இரு பெயர்கள் ஒரே கோப்புறையில் அருகருகே நிற்கும், தேடலில் ஒன்று அகப்பட்டு மற்றது அகப்படாது. கான்வ்எம்வி என்னும் சிறு கருவி எல்லாவற்றையும் சேர்த்தெழுதும் வடிவுக்கு மாற்றித் தருவதால், பழைய மலர்களைப் பகிர்வுக்குள் கொண்டுவந்த அன்றே அதை ஓட்டிவிடுவது நல்லது.

வன்தட்டை எக்ஸ்ஃபேட் என்னும் கோப்பு முறைமையில் வடிவமைத்தால் எந்தக் கணினியிலும் நேராகச் செருகிப் படிக்கலாம் என்பது உண்மையே. எனினும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு அதில் இல்லாததால், மாலை இடிமழையில் மின்சாரம் போய்வரும் சிலாங்கூர்க் கரையோரத்தில் ஈஎக்ஸ்டி4ஐயும், அதனோடு மின்தடையின்போது மின்சாரம் தரும் சிறு யுபிஎஸ் ஒன்றையும் தேர்ந்தெடுப்பதே தகும்.