எலும்பிடம் என்ன கேட்கிறோம்?

கீழடிக்குப் பக்கத்திலுள்ள கொந்தகையில் தாழிகளிலிருந்து எடுத்த இரண்டு மண்டையோடுகளுக்கு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் கணினியில் முகம் கொடுத்தார்கள். 2025இல் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. தோழர் ஒருத்தர் கேட்டார்: 'நல்லாப் பாருங்க, இது யாரு ஜாடை? நம்மாளுதானே?' நானும் உற்றுத்தான் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது, இது பழைய கேள்வி.

ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளை ஆராய்ந்து 1930இல் சுக்கர்மன் எழுதியபோதும் இதே கேள்விதான்: எந்த இனம்? காலனிய மானுடவியல் மண்டையை அளந்தது இனப் பெட்டிகளில் அடுக்குவதற்காக. நாம் பெட்டியை உடைக்கவில்லை. சீட்டை மட்டும் மாற்றி ஒட்டிக்கொண்டோம்.

வேறு மாதிரிக் கேட்க முடியாதா? நியூயார்க்கில் கேட்டார்கள். 1991இல் மன்ஹாட்டனில் அரசுக் கட்டடத்துக்காகத் தோண்டிய இடத்தில், 18ஆம் நூற்றாண்டுக் கறுப்பின மக்களின் இடுகாடு வெளிப்பட்டது. அடிமைகளாயிருந்தவர்களே பெரும்பாலோர், யாருக்கும் பெயரில்லை. எலும்புகளைக் கையாண்ட விதத்தை எதிர்த்துக் கறுப்பின மக்கள் போராடினார்கள். ஆய்வு ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு, மைக்கேல் பிளேக்கியின் குழுவுக்கு வந்தது. எலும்பின் வடிவத்தை வைத்து இன முத்திரை குத்தும் தடயவியல் வாசிப்பை பிளேக்கி ஏற்கவில்லை. எதை ஆராய வேண்டும் என்று வழித்தோன்றல் சமூகத்தையே கேட்டார்கள். எங்கிருந்து வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், என்னவாக மாறினார்கள், எப்படி எதிர்த்து நின்றார்கள் என்பவை கேள்விகளாயின.

எலும்பு வேறு கதை சொன்னது. தசை பற்றியிருந்த இடங்கள் பெண்களுக்கும் புடைத்திருந்தன: சுமந்த பாரம். பல்லின் எனாமலில் கோடுகள்: சின்ன வயதுப் பசியும் நோயும். சிலருடைய பற்கள் அராவி வடிவமாக்கப்பட்டிருந்தன: ஆப்பிரிக்காவில் பிறந்திருக்கலாம் என்பதற்குத் தடயம். 2003இல் 419 பேரை அந்த மண்ணிலேயே திரும்பப் புதைத்தார்கள்.

இதுவும் ஒரு கதையாடல்தானே என்பார்கள். ஆமாம்தான். அங்கேயும் அளவுகோல் இருந்தது, ஆய்வுக்கூடம் இருந்தது. கேள்வி கேட்கும் அதிகாரம் கைமாறியதுதான் வித்தியாசம்.

கொந்தகைக்காரன் நம் ஜாடையில் இருந்துவிட்டால் நமக்குப் பெருமை, சரி. அவன் முதுகு எதைச் சுமந்தது, சின்ன வயதில் எத்தனை முறை பட்டினி கிடந்தான் என்று யார் கேட்பது? அந்த ஊரில் தாழி கிடைக்காமல் செத்தவர்கள் யார் யார்?