துல்லியம் யாருடையது: மீட்டருடையதா, படத்துடையதா?

மார்பைச் சுற்றி 16 எலக்ட்ரோடுகள் கொண்ட ஒரு பெல்ட். அடுத்தடுத்து உள்ள இரண்டின் வழியாகச் சில மில்லிஆம்பியர் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி, மற்ற ஜோடிகளில் வோல்டேஜை அளக்கிறார்கள். மூச்சை இழுக்கும்போது நுரையீரலின் மின்தடை கூடும். அந்த மாற்றம் திரையில் படமாகத் தெரியும். கதிர்வீச்சு கிடையாது, கட்டில் பக்கத்திலேயே வைத்து மணிக்கணக்கில் ஓட்டலாம். 1980களில் ஷெஃபீல்டில் பார்பரும் பிரவுனும் வளர்த்தெடுத்த இந்த முறைக்கு மின்மறுப்புப் படமெடுப்பு என்று பெயர். சுருக்கமாக ஈ.ஐ.டி.

இந்தக் கருவிகளைப் பற்றிய கட்டுரைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. உப்புத்தண்ணீர் நிரப்பிய தொட்டியில் சோதித்து, இரைச்சல் இத்தனை டெசிபெல் என்று ஓர் எண்ணைத் தருவார்கள். அடுத்த பத்தியிலேயே அது "துல்லியமான படம்" ஆகிவிடும். முதலில் சொன்னது வோல்ட்மீட்டரின் துல்லியம். படத்தின் துல்லியம் வேறு சமாச்சாரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமே. 16 முறை மின்சாரம், ஒவ்வொன்றுக்கும் 13 அளவீடு: மொத்தம் 208. செலுத்தும் ஜோடியையும் அளக்கும் ஜோடியையும் இடம் மாற்றினாலும் அதே விடைதான் வரணும். அதனால் புதுத் தகவல் தருபவை 104 மட்டுமே. திரையில் வரும் படமோ பெரும்பாலும் 32க்கு 32, அதாவது 1024 கட்டம். மீதி எங்கிருந்து வந்தது? பக்கத்துக் கட்டங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் என்பது போல, கணக்குப் போட்டவர் முன்கூட்டியே வைத்துக்கொண்ட ஊகத்திலிருந்து.

சரி, இன்னும் நல்ல மீட்டர் வாங்கினால்? கால்டெரோன் 1980இல் இந்தக் கணக்கை முன்வைத்தார். 1988இல் அலெஸ்ஸாண்ட்ரினி தந்த நிலைத்தன்மை வெறும் மடக்கை அளவுதான். மோசமான நிலைமையில், மீட்டரின் பிழையைப் பத்தில் ஒன்றாகக் குறைச்சாலும் படத்தின் பிழை கொஞ்சம்தான் இறங்கும்.

அதோட, உடம்பு ஒன்றும் தொட்டி இல்லை. வேர்வை வரும், ஜெல் காயும், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பார்கள். "மாற்றத்தை மட்டும்தானே பார்க்கிறோம், பிழை கழிந்துவிடும்" என்பது வழக்கமான பதில். பாதி உண்மை. மாறாத பிழை பெரும்பாலும் கழியும். நடுவில் மாறுகிற பிழை கழியாது. நுரையீரலில் ஏற்பட்ட மாற்றம் மாதிரியே வேஷம் போடும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் டாக்டர் வெண்டிலேட்டர் அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ போகிறார்.

கருவியே வேண்டாம்னு நான் சொல்லல. காற்று எந்தப் பக்கம் அதிகம் போகுது, முதுகுப் பக்கம் திறக்குதா என்ற கேள்விகளுக்கு மங்கலான படமே உதவும். நான் கேட்பது ஒன்றுதான். தொட்டி எண்ணோடு நிறுத்தாமல், நோயாளியிடம் எடுத்த அளவீடுகளில் இடம் மாற்றிப் பார்த்தபோது எவ்வளவு வித்தியாசம் வந்தது என்பதையும் அச்சிடுங்கள். தனிச் செலவு இல்லை. 208 எண்ணும் கையிலேயே இருக்கு. சரியாக ஒட்டாத எலக்ட்ரோடைப் பல நேரம் அது காட்டிக்கொடுக்கும். மார்பின் வடிவத்தைத் தப்பாக வைத்துக்கொண்டதை மட்டும் அது காட்டாது. அதற்குத் தனிச் சோதனை வேணும். இரண்டையும் சேர்த்துச் சொல்லாத கட்டுரையில் "துல்லியம்" என்ற சொல்லைப் பார்த்தால், நான் அதை மீட்டரின் கணக்கில்தான் எழுதிக்கொள்வேன்.