பவானி தேவியின் டோக்கியோ ஆட்டம்: தாக்குதலும் எதிர்த்தாக்குதலும்

சென்னையைச் சேர்ந்த சி. ஏ. பவானி தேவி ஒலிம்பிக் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர். 2021 ஜூலை 26 அன்று டோக்கியோவில் சேபர் என்னும் வாள் பிரிவில் இரண்டு ஆட்டங்கள் ஆடினார். துனிசியாவின் நாடியா பென் அசிசியை 15–3 என வென்றார்; பிரான்சின் மனோன் புரூனெட்டிடம் 7–15 எனத் தோற்றார். இதைப் பற்றித் தமிழில் வந்த எழுத்துகள் பெரும்பாலும் தாயின் அடகு நகை, மூங்கில் குச்சியில் பெற்ற தொடக்கப் பயிற்சி, தோல்விக்குப் பின் அவர் கேட்ட மன்னிப்பு ஆகியவற்றையே பேசின. வாள் என்ன செய்தது என்று பேசியவை மிகக் குறைவு.

அதைப் பேச விதி தெரிய வேண்டும். சேபரில் இடுப்புக்கு மேல் முனையாலும் விளிம்பாலும் தொடலாம். ஒருவர் தொட்ட 0.17 நொடிக்குள் மற்றவரும் தொட்டால் இரண்டு விளக்குகளும் எரியும். அப்போது தாக்குதலை முதலில் தொடங்கியவருக்கே புள்ளி. தற்காப்பவர் எதிரியின் வாளைத் தடுத்துப் பதிலடி தரலாம். அல்லது பின்வாங்கி வீச்சைப் பொய்யாக்கிவிட்டுத் தாக்கலாம். தடுக்காமல் கை நீட்டும் எதிர்த்தாக்குதல் துணிச்சலாகத் தெரியும். எதிரியின் வீச்சும் மேலே பட்டால் புள்ளி அவருக்கே போகும்.

இந்த எச்சரிக்கை பழையது. நிக்கொலெத்தோ ஜிகாந்தி 1606இல் வெனிசிலும், ரிடோல்ஃபோ காப்போ ஃபெர்ரோ 1610இல் சியேனாவிலும் ரேப்பியர் என்ற நீண்ட குத்துவாளைப் பற்றி நூல் வெளியிட்டனர். எதிரியின் வாளை முதலில் உன் வாளால் அடக்கு. அவன் அதை விடுவித்து மறுபக்கம் கொண்டுவரும் கணத்தில் குத்து. குத்தும்போதே அவன் வாள் வரும் வழியை அடைத்துவிடு என்பது இவர்கள் பாடத்தின் அடிப்படை. நிஜச் சண்டையில் புள்ளி கொடுக்க நடுவர் இல்லை. இருவரும் குத்துப்பட்டால் இருவருக்கும் இழப்பு. பவானி தேவியும் இத்தாலியின் லிவோர்னோவில் நிகோலா சனோத்தியிடம் பயின்றவர்தான்.

இனி எண்களைப் பார்க்கலாம். ஒருவர் 8 புள்ளியை எட்டியதும் இடைவேளை. அசிசிக்கு எதிராக அப்போது 8–0. புரூனெட்டுக்கு எதிராக 2–8. ஆனால் இடைவேளைக்குப் பின் கணக்கு 5–7. முன்பாதியில் ஆறு புள்ளிப் பின்னடைவு, பின்பாதியில் இரண்டுதான். எதிரில் நின்றவரோ அன்றே வெண்கலம் வென்றவர். பவானி தேவி ஆட்டத்தின் நடுவிலேயே தன்னைத் திருத்திக்கொண்டார், ஆனால் தாமதமாக. நான்கு மீட்டர் இடைவெளியில் தொடங்கும் சேபரில் அந்தத் தாமதத்துக்கு விலை அதிகம். இதுவே அவர் மீது வைக்கத்தக்க நியாயமான விமர்சனம். மன்னிப்புக்கு இதில் இடமில்லை.

2023 ஜூனில் சீனாவின் வூஷியில் நடந்த ஆசியப் போட்டியில் அவர் உலகச் சாம்பியன் மிசாகி எமுராவை 15–10 என வீழ்த்தி வெண்கலம் பெற்றார். டோக்கியோவின் பின்பாதியைக் கவனித்தவர்களுக்கு அது அதிசயமாகத் தோன்றியிருக்காது.

பள்ளிபாளையம் போன்ற காவிரிக்கரை ஊர்களில் சிலம்பம் பழகும் பிள்ளைக்கு இதில் அந்நியமானது எதுவுமில்லை. வந்த அடியைத் தடுத்து, எதிராளியின் கம்பு திரும்பி வருமுன் அடிப்பது அவருக்குத் தெரிந்த பாடம். காலடி, வீச்சு, தடுப்பு என்ற சொற்களும் நம்மிடம் உண்டு. அடுத்த முறை இரண்டு விளக்குகளும் எரியும்போது யார் முதலில் முன்னேறினார், யார் தடுத்தார், யார் தூரத்தைத் தவறவிட்டார் என்று பாருங்கள். விளையாட்டுச் செய்தியும் அங்கிருந்து தொடங்கட்டும்.