கதவோரத்து ஸ்டிக்கர்: பழைய எஸ்யூவி, சின்ன டிரெய்லர், நிறையக் குடும்பம்

"அண்ணா, இது ஐயாயிரம் பவுண்டு இழுக்கும்." ஒன்டாரியோவின் ஸ்கார்பரோவில் பழைய எஸ்யூவி பார்க்கப் போனால் விற்பவர் வாயிலிருந்து முதலில் விழும் எண் இதுதான். அவர் சொல்வது பொய்யில்லை. டொயோட்டா ஹைலாண்டர் வி6, ஆல் வீல் டிரைவ் உள்ள ஹோண்டா பைலட், டொயோட்டா ஃபோர்ரன்னர் என்று இந்த ஊர்க் குடும்பங்கள் அதிகம் தேடும் மூன்றுக்கும் நிறுவனங்கள் கொடுத்திருக்கும் இழுவைத் திறன் 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ. மடக்குக் கூடார டிரெய்லர் ஒன்று, சாமான் ஏற்றிய பிறகும் பெரும்பாலும் 1,300 கிலோவுக்குள் நின்றுவிடும். அப்படியானால் மூன்றில் எதை வாங்கினாலும் ஒன்றுதானே? ஐந்து பேர் ஏறி உட்காரும்வரை ஒன்றுதான்.

இந்த 5,000 எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். வட அமெரிக்காவில் இழுவைத் திறனை அளக்க எஸ்ஏஇ ஜே2807 என்றொரு தர அளவை உண்டு. அரிசோனாவின் டேவிஸ் டாம் மேட்டில், ஏசியை முழுவதும் திறந்துவிட்டு, குறிப்பிட்ட வேகம் குறையாமல் டிரெய்லரோடு வண்டி ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் இந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் மட்டுமே. ஆளுக்கு 150 பவுண்டு. பின் சீட்டில் பிள்ளைகள் இல்லை, மாமியார் இல்லை, அரிசி மூட்டை இல்லை, ஐஸ் பெட்டி இல்லை.

நம் வீட்டுக்குப் பொருந்தும் எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. பயணிகளும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். டயர் காற்றழுத்தம் பார்க்க மட்டுமே அந்தப் பக்கம் குனிகிறவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். டிரெய்லரைப் பூட்டும் ஹிட்ச் மேல் அதன் மூக்கு அழுத்தும் பாரமும், அதாவது டங் வெயிட்டும், இந்த எண்ணுக்குள்தான் அடங்க வேண்டும். அது டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

ஸ்டிக்கரில் 590 கிலோ என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த வகை வண்டிகளில் இதை ஒட்டித்தான் இருக்கும். பெரியவர்கள் இருவர் 145, பிள்ளைகள் இருவர் 80, பாட்டி 60. ஹிட்ச் இரும்பு மட்டும் 20. பின்னால் அடுக்கிய சாமான் 100. 1,300 கிலோ டிரெய்லரின் டங் வெயிட், 12 சதவீதம் என்றால், 156. கூட்டினால் 561. மிச்சம் 29 கிலோ. கூரையில் ஒரு பெட்டியும் பின்னால் இரண்டு சைக்கிளும் ஏறினால் கணக்கு முடிந்தது. டிரெய்லர் இழுவை எல்லையில் பாதியைச் சற்றே தாண்டியிருக்கும்போதே வண்டி நிறைந்துவிட்டது! இழுக்க எஞ்சினுக்குத் தெம்பு இருக்கிறது. சுமக்கத்தான் பின் ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் இடமில்லை.

இதிலிருந்து ஒரு வினோதமான முடிவு கிடைக்கிறது. உயர்ந்த ரகம் வேண்டாம். பனோரமிக் கூரை, 20 அங்குலச் சக்கரம், மின்சாரத்தில் நகரும் சீட்டுகள் என எல்லாமே எடை. எல்லாமே அந்த ஸ்டிக்கர் எண்ணிலிருந்து கழிக்கப்பட்டவை. ஒரே ஆண்டு, ஒரே மாடல், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளின் கதவைத் திறந்து பாருங்கள். துணி சீட் போட்ட வண்டி பெரும்பாலும் அதிகம் சுமக்கும். விலையும் குறைவு.

இனி வண்டிகள். என் கை சாய்வது 2017 முதல் 2019 வரையிலான ஹைலாண்டர் பக்கம். 3.5 லிட்டர் வி6, 295 குதிரைத்திறன், 8 கியர். அதற்கு முந்தைய 2014–16 வண்டிகளில் அதே அளவு எஞ்சின் 270 குதிரைத்திறனும் 6 கியரும் கொண்டது. அதுவும் நல்ல வண்டிதான். ஆனால் 2017இல் முன்மோதலைத் தவிர்க்கும் தானியங்கி பிரேக் உள்ளிட்ட பாதுகாப்புத் தொகுப்பு எல்லா ரகத்துக்கும் வந்துவிட்டது. பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்கு அந்த வித்தியாசம் போதும்.

உறவினர் ஒருவரின் கூடார டிரெய்லரை மாட்டி, 400ஆம் நெடுஞ்சாலையில் பாரி வரைக்கும், அங்கிருந்து 11இல் ஏறி ஹன்ட்ஸ்வில், பிறகு 60ஆம் சாலையில் அல்கொன்குவின் பூங்கா என்று ஹைலாண்டரை ஓட்டிப் பார்த்தேன். சமதரையில் பின்னால் ஒன்று வருகிறது என்ற நினைப்பே மறந்துவிடும். மறக்கக்கூடாது என்பது வேறு விஷயம். ஹன்ட்ஸ்வில் தாண்டி ஏற்ற இறக்கம் தொடங்கியதும்தான் எஞ்சினின் குணம் தெரிகிறது. இதன் முழு முறுக்குவிசை 4,700 சுற்றில்தான் கிடைக்கிறது. ஆகவே ஏற்றத்தில் கியர் சட்டென்று இரண்டு படி இறங்கி, எஞ்சின் குரலை உயர்த்தும். பழகாதவர்களுக்கு வண்டி திணறுவதுபோலக் கேட்கும். திணறவில்லை, வேலை செய்கிறது. கியர்க் குச்சியை 'எஸ்' பக்கம் தள்ளி, மேல் கியர்களுக்குப் போகாமல் பிடித்து வைத்தால் ஏறுவதும் இறங்குவதும் நிதானமாகிவிடும். கியர்பாக்ஸ் எண்ணெயும் தேவையில்லாமல் சூடாகாது. டிரெய்லர் இல்லாமல் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 11 லிட்டர் குடிக்கும் வண்டி, டிரெய்லரோடு 15ஐத் தாண்டும். கூடாரத்தை மடக்கினால் டிரெய்லர் வண்டியின் நிழலுக்குள் அடங்கிவிடுவதால்தான் இவ்வளவோடு போகிறது. அதே எடையில் உயரமான கேரவன் என்றால் காற்றைத் தள்ளவே பெட்ரோல் கரையும்.

குறை என்றால் மூன்றாம் வரிசை. அது பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. அந்த வரிசையை நிமிர்த்தினால் பின்னால் மிஞ்சும் இடம் 390 லிட்டர்; நான்கு பேரின் பள்ளிப் பைக்குச் சரி, முகாம் சாமானுக்கு ஆகாது. இரண்டாம் வரிசை தனித்தனி நாற்காலியாகவும் நீள பெஞ்சாகவும் வரும். பெஞ்சைத் தேடி வாங்குங்கள். ஐந்து பேரும் முதல் இரண்டு வரிசையில் அடங்கிவிடுவார்கள், மூன்றாவதை மடக்கியே வைத்திருக்கலாம்.

வாங்கும்முன் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். ஹைலாண்டர் என்று பெயர் இருந்தாலே 5,000 பவுண்டு அல்ல. ஹைப்ரிட் என்றால் 3,500. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் விற்ற 2.7 லிட்டர் நான்கு சிலிண்டர் வண்டி என்றால் வெறும் 1,500. வி6இலும் கியர்பாக்ஸ் எண்ணெய்க்குத் தனி கூலர் அடங்கிய இழுவைத் தொகுப்பு இருக்க வேண்டும். வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணை டொயோட்டா டீலரின் பாகங்கள் பிரிவில் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். பின்னால் ஹிட்ச் தொங்குவது இதற்குச் சான்றாகாது. அது யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளக்கூடிய இரும்பு.

2016 முதல் 2022 வரையிலான ஹோண்டா பைலட்டை, பாட்டி தாத்தா இருவரும் கூடவே வரும் வீட்டுக்குச் சொல்வேன். மூன்றாம் வரிசையில் பெரியவர் ஒருவர் முழங்கால் இடிக்காமல் உட்கார முடிகிறது. அதற்குப் பின்னாலும் 460 லிட்டருக்கு மேல் இடம். 280 குதிரைத்திறன். ஆல் வீல் டிரைவ் இல்லாத பைலட்டின் இழுவை 3,500 பவுண்டுதான் என்பதைக் கவனிக்கவும். தொடக்க ஆண்டுகளில் கீழ் ரகங்களுக்கு 6 கியரும் மேல் ரகங்களுக்கு 9 கியரும் கொடுத்தார்கள்; இழுக்க 6 கியர் போதும், அதன் குணமும் சாந்தம். இந்த எஞ்சினில் இருப்பது சங்கிலி அல்ல, டைமிங் பெல்ட். ஏறத்தாழ 1,60,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். 1,50,000 ஓடிய பைலட் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அந்த மலிவுக்குக் காரணம் பல நேரம் இதுவே. மாற்றிய பில்லைக் கேளுங்கள், இல்லையென்றால் செலவை விலையில் கழியுங்கள். 2013 வரையிலான பழைய வி6களில், சில சிலிண்டர்களை ஓய்வெடுக்க விடும் ஏற்பாட்டினால் எண்ணெய் குறைகிறது, பிளக் கெடுகிறது என்று அமெரிக்காவில் கூட்டு வழக்கே நடந்தது. அந்த ஆண்டுகளை நான் தொடமாட்டேன்.

2024 வரையிலான ஃபோர்ரன்னர் மேல் எல்லோருக்கும் ஆசை. ஏணிச் சட்ட சேஸி, 4 லிட்டர் வி6, பழங்காலத்து 5 கியர், கீழே இறங்கும் பின் கண்ணாடி. காட்டுப் பாதைக்கும் சேற்றுக்கும் அதுவே ராஜா. ஆனால் இழுவை எண் அதே 5,000, பெட்ரோல் 13 லிட்டர், ஏறி உட்கார அம்மாவுக்கு ஒரு முக்காலி வேண்டும், பழையதற்கும் புதியதன் விலை கேட்கிறார்கள். டிரெய்லரே முதன்மை, மற்றதெல்லாம் பிறகு என்பவர்களுக்கு டாட்ஜ் டுராங்கோ வி6 உண்டு. பின்சக்கர வழி வந்த அமைப்பு, 6,200 பவுண்டு, மூன்று வரிசை. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, டிக் டிக் என்று தட்டும் சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். நிஸான் பாத்ஃபைண்டர் 2013 முதல் 2020 வரை, தனித்தனி கியர்ப் படிகள் இல்லாத சிவிடி கியர்பாக்ஸோடு வந்தது. காகிதத்தில் எண் நன்றாகவே இருந்தாலும், யாரோ ஓட்டித் தேய்த்த சிவிடியில் டிரெய்லர் மாட்ட எனக்கு மனம் வராது.

இத்தனை பேசினாலும், ஒன்டாரியோவில் வண்டியைத் தேர்ந்தெடுப்பது பிராண்டு அல்ல, உப்பு. குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டும் உப்பு அடியில் சேர்ந்து, வெளியே பளபளக்கும் வண்டியைக் கீழிருந்து தின்கிறது. டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு இது இரட்டை ஆபத்து. ஹிட்ச் பிடித்திருப்பதே அந்தப் பின்பக்க இரும்பைத்தான். ஆகவே தூக்கியில் ஏற்றாமல் எந்த வண்டிக்கும் பணம் கொடுக்காதீர்கள். பின் சப்ஃபிரேம், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் விளிம்பு, பிரேக் குழாய்கள், ஹிட்ச் போல்ட்டுகளைச் சுற்றிய இடம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அடியில் தொங்கும் ஸ்டெப்னியைக் கம்பியால் இறக்கச் சொல்லுங்கள். கம்பி இறுகிப்போய் இறங்கவில்லை என்றால், அந்தப் பகுதியை யாரும் வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். நான் பார்த்த ஒரு வண்டியின் அடி முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு மின்னியது. ஸ்குரூடிரைவர் நுனியால் தட்டினால் சில இடங்களில் இரும்பின் ஓசையே இல்லை. ஆண்டுதோறும் எண்ணெய்த் தெளிப்பு செய்த வண்டியின் அடி அழுக்காக, பிசுபிசுப்பாக இருக்கும். அந்த அழுக்குக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

ஹிட்ச் ஏற்கெனவே இருந்தால் அதுவும் ஒரு சாட்சி. டிரெய்லரைப் பூட்டும் பந்து போட்ட இடம் வழுவழுவென்று தேய்ந்து, ஏழு முனை மின்சாக்கெட்டும் இருந்து, டாஷ்போர்டுக்குக் கீழே டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலர் மாட்டிய திருகுத் துளைகளும் தெரிந்தால், முன்னவர் கனமாக இழுத்திருக்கிறார். கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போது மாற்றினார் என்பதே அடுத்த கேள்வி. நான்கு முனை வயர் மட்டும், பந்து போட்ட தழும்பே இல்லை என்றால் சைக்கிள் ஸ்டாண்டுக்காகப் போட்டிருப்பார், நல்லது.

காகித வேலை சுருக்கமானது. தனிநபரிடம் வாங்கினால் யூவிஐபி எனும் வண்டித் தகவல் தொகுப்பை விற்பவர் தர வேண்டும். கடன் பாக்கி இருந்தால் அதில் தெரியும். சேஃப்டி சான்றிதழ் 36 நாள்தான் செல்லும், அது வண்டியின் ஆரோக்கியச் சான்றும் அல்ல. விலையைக் குறைத்து எழுதி வரியை மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனை செல்லாது. 13 சதவீத வரி, எழுதிய விலை, சந்தை மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்கு.

பிரேக் விஷயத்தில் சட்டத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஒன்டாரியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்குத்தான் தனி பிரேக் கட்டாயம். டொயோட்டாவின் கையேடோ 1,000 பவுண்டு, அதாவது 453 கிலோ தாண்டினாலே டிரெய்லருக்குப் பிரேக் வேண்டும் என்கிறது. கையேட்டின் பக்கம் நில்லுங்கள்; பிரேக் கன்ட்ரோலர் மாட்டும் செலவையும் வண்டி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். வேகத்துக்கும் இதே கதை. 400 வரிசை நெடுஞ்சாலைகளில் சில இடங்களில் இப்போது 110 போகலாம். ஆனால் டிரெய்லர் டயர்கள் பலவற்றின் எல்லை மணிக்கு 65 மைல், ஏறத்தாழ 105 கிலோமீட்டர்.

எல்லாம் சரியாக அமைந்து வண்டி வாசலுக்கு வந்ததும், குடும்பத்தோடும் சாமானோடும் டிரெய்லரோடும் ஒருமுறை லாரி எடைமேடையில் ஏறிவிடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய லாரி நிறுத்தங்களில் சில டாலருக்கு ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். பின் அச்சின் எண், கதவோரத்தில் அந்த அச்சுக்குப் போட்டிருக்கும் எல்லையைத் தாண்டினால் முதலில் இறக்க வேண்டியது கூரைப் பெட்டி. அதிலுள்ளதை டிரெய்லரின் அச்சுக்கு நேர் மேலே மாற்றி வைத்து, மறுபடி எடை போட்டுப் பாருங்கள்.